எண்பதாம் நிமிடத்தில் எழும்பிப் போகும் மாமா

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கோடைகாலத்தின் முடிவிலிருந்து அடுத்த கோடைகாலத்தின் தொடக்கம் வரைக்கும், எங்கள் வீட்டில் பிரான்ஸ் நாட்டின் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்டத்தைப் பற்றியே கவலையாக இருந்தது. நாங்கள் இருந்தது ஜெர்மனியில், எல்லையோரத்துச் சார்ப்ருக்கனில். என் வகுப்புப் பிள்ளைகள் ஜெர்மனியின் பெரிய அணிகளுடைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு பச்சைச் சட்டை அணிக்காக நகம் கடித்தேன். அந்த நகரத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வருடத்து ஆட்டங்களை யாராவது ஞாபகப்படுத்தினால் அந்த ஊர்க்காரர்களின் மனம் நோகும். அவர்கள் எங்களுக்குச் செய்த நன்மைக்கு அதையாவது நான் செய்யவேண்டும்.

அந்த நகரத்தில் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அம்மா கல்யாணத்துக்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது மாமாவுக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. பிறகு எப்படியோ, எந்தெந்த நாடுகள் வழியாகவோ, மாமா பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பம் போட்டார். மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்தார். அதன் பிறகு காத்திருந்தார். பிரான்ஸில் இருக்கும் எங்கள் ஆட்கள் வதிவிட உரிமையை ‘கார்ட்’ என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். மாமாவிடம் கார்ட் இல்லை. கார்ட் இல்லாதவர் எல்லை தாண்டிப் பிடிபட்டால் அதுவரை காத்திருந்த வருடங்களெல்லாம் வீண். எங்கள் வீட்டிலிருந்து அவருடைய அறைக்கு ஒன்றரை மணித்தியாலப் பயணம். அம்மா போகலாம். அவர் வரமுடியாது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று கேட்டவர் மாமாதான். அம்மா பிறகு சொன்னா. “பிள்ளை என்னை மாமா எண்டு பாக்கட்டும் அக்கா. கேஸ் எண்டு பாக்கவேண்டாம்” என்றாராம்.

முதல் தடவை நாங்கள் அவரைப் பார்க்கப் போனபோது உட்கார இடம் இருக்கவில்லை. ஒரு அறையில் ஆறு பேர் இருந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே இரவு வேலை முடிந்து வந்த இரண்டு பேர் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார்கள். அம்மாவும் மாமாவும் மாடிப்படியில் உட்கார்ந்து கதைத்தார்கள். யாராவது ஏறி வரும்போதெல்லாம் எழும்பி வழிவிட்டார்கள். அடுத்த தடவை ஒரு தேநீர்க்கடைக்குப் போனோம். மூன்று மணித்தியாலம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் எனக்கு ஒரு சொக்கலேட் பால் வாங்கித் தந்தா. திரும்பும்போது ரயிலில் நான் சத்தி எடுத்தேன்.

இந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது பச்சைச் சட்டை அணிதான். மாமா ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். அந்த உணவக முதலாளி பரம்பரையாக அந்த அணியின் ரசிகர். வருடா வருடம் மைதானத்தில் மூன்று கதிரைகளைப் பருவகாலம் முழுவதற்கும் எடுத்து வைப்பாராம். அந்த வருடம் முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவர்கள் தோற்ற விதத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்த நாசமாய்ப் போனவர்களின் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சமையலறையில் நின்று சத்தியம் செய்தார். பிறகு மூன்று நுழைவு அட்டைகளையும் பக்கத்தில் நின்ற மாமாவின் ஈரக்கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரை நான் கடைசிவரை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருடைய கோபத்துக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

அப்படித்தான் ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை, சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில், அம்மாவும் நானும் ட்ராம் ஏறினோம். ட்ராம் எல்லை தாண்டி முதல் பிரெஞ்சு ஊர்வரை போகும். அங்கே இறங்கி ரயில் பிடிக்கவேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இல்லை என்பது மேலதிக லாபம். அப்பா வீட்டில் நின்று, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த என் தம்பியைப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் வேலை நேரம். அந்தச் சனிக்கிழமைகளை எப்படி ஓய்வாக்கிக்கொண்டார், அதற்காக யார் யாருடைய இரவு வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அப்பா என்றால் சனிக்கிழமை வீட்டில் நிற்பவர் என்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்கு உதைபந்தாட்டத்தில் எதுவும் தெரியாது. கடைசிவரை தெரியவுமில்லை. ஆட்டம் நடக்கும்போது அம்மா பந்தைப் பார்க்கமாட்டா. மாமாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது, யார் எங்கே காணி வாங்கினார்கள், அவர் இரவில் என்ன சாப்பிடுகிறார், கை ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பா. எல்லோரும் எழுந்து கத்தும்போது தானும் எழுந்து கைதட்டுவா. ஒருமுறை எதிரணி போட்ட கோலுக்குக் கைதட்டிவிட்டா. எங்களைச் சுற்றியிருந்த நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாவது ஆட்டத்திலேயே நான் மாமாவிடம் கேட்டேன்.

“மாமா, நாங்கள்தானே எப்பவும் வாறம். நீங்கள் ஏன் எங்கடை வீட்டை ஒருநாளும் வாறேல்லை?”

அம்மா சட்டென்று மைதானத்தைப் பார்த்தா. மாமாவும் அங்கேதான் கையைக் காட்டினார். கீழே எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தை விட்டுவிட்டு எதிரியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

“இவங்களைப் பாத்தியோ? இந்த ஆட்டம் ஆடினால் மூண்டாம் பிரிவுக்கு இறக்கிப்போடுவாங்கள். இவங்களை இப்பிடி விட்டிட்டு நான் எப்பிடி வாறது? ஒரு பந்தயம் பிடிப்பம். இவங்கள் இறங்காமல் நிண்டால், கடைசி ஆட்டம் முடிஞ்ச கையோடை உங்களோடையே ரயில் ஏறி வாறன்.”

“இறங்கினால்?”

“இறங்கினால் என்ன, வரேலாதுதான். பந்தயமெண்டால் பந்தயம்.”

நான் கையை நீட்டினேன். அவர் தன் பெரிய, வெடித்த கையால் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றைய ஆட்டத்தை மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம்.

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை. ஒரு கொப்பியில் இருபது அணிகளின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு வாரமும் புள்ளிகளைக் கூட்டினேன். கணக்கில் மோசமான நான் கழித்தலில் தேறியது அந்த வருடம்தான். நாங்கள் பதினேழாவது இடத்துக்கும் பத்தொன்பதாவது இடத்துக்கும் இடையில் மாடிப்படி ஏறி இறங்குவதுபோலப் போய்வந்துகொண்டிருந்தோம்.

மாமாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஆட்டமானாலும் எண்பதாம் நிமிடத்தில் எழும்பிவிடுவார். “கிச்சினிலை தேடுவாங்கள்” என்று சொல்லி, அம்மாவின் தோளைத் தட்டி, என் தலையைத் தடவிவிட்டுப் படிகளில் இறங்கிப் போய்விடுவார். ஆட்டம் முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் பொலிஸார் வரிசையாக நிற்பார்கள் என்பதும், அவர்கள் வந்து நிற்பதற்கு முன்னால் மாமா வெளியேறிவிட வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போன பிறகுதான் எங்கள் அணி கோல் போடுகிறது என்பது. இலையுதிர்காலத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தது. மாமாவின் ராசி அப்படி என்று முடிவு கட்டி, அதையும் கொப்பியில் எழுதி வைத்தேன்.

எங்களுக்கு அடுத்த கதிரையில் ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தார். அம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். அந்த நகரத்தில் சைக்கிளில் தபால் கொடுப்பவர். ஆள் சிறியவர், குரல் பெரியது. நடுவரை அவர் திட்டும்போது நடுவர் திரும்பிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அம்மா உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்து, பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் ரோல்ஸில் முதல் நாள் ஒன்றை மரியாதைக்கு எடுத்தவர், அடுத்த ஆட்டத்திலிருந்து உரிமையோடு இரண்டு எடுத்தார். பதிலுக்கு எனக்கு ஒரு பச்சைக் கழுத்துச் சால்வையும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத பிரெஞ்சும் கிடைத்தன. மாமாவின் வீதிக்குத் தபால் கொண்டுபோகிறவரும் அவர்தான். நீதிமன்றத்திலிருந்து வரும் பதிவுத் தபால்களுக்குக் கையெழுத்து வாங்கி வாங்கி, மாமாவின் நிலைமை அவருக்கு எங்களைவிட முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நத்தாருக்கு முந்தைய ஆட்டத்தில் யாரோ எங்களுக்கு மேல் வரிசையில் புகைக்குண்டு கொளுத்தினார்கள். ஆட்டம் நின்றது. புகை கலைந்தபோது நான்கைந்து பொலிஸார் படியேறி வந்து வரிசை வரிசையாக நுழைவு அட்டையையும் அடையாள அட்டையையும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்தா. குளிரில் பிடிக்கிறா என்று நினைத்தேன். மாமா நேரே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

ஒரு இளம் பொலிஸ்காரர் எங்கள் வரிசைக்கு வந்தார். அம்மா தன் ஜெர்மன் அட்டையைக் கொடுத்தா. அவர் பார்த்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார். அதற்குள் தபால்காரப் பெண் மாமாவின் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டார்.

“இவர் என் மருமகன். குளிரில் விறைத்துப்போய் இருக்கிறோம். புகை விட்டவன் மேலே இருக்கிறான், நீங்கள் இங்கே நின்று குடும்பங்களைக் குடைகிறீர்கள்” என்று பிரெஞ்சில் சத்தம் போட்டார்.

எனக்குப் பிரெஞ்சு விளங்கியது. நான் எழுந்து நின்றேன். வகுப்பில் கையுயர்த்திப் பதில் சொல்லும் அதே குரலில், “இல்லை ஐயா, அது பிழை. இவர் என் மாமா” என்றேன். ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல் சொன்னேன்.

 பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். தபால்காரப் பெண் கொஞ்சமும் கலங்கவில்லை.

“பின்னே? உனக்கு மாமா, எனக்கு மருமகன். ஒரு மனிதன் இரண்டாகவும் இருக்கக்கூடாதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு அம்மாவின் பெட்டியைத் திறந்து பொலிஸ்காரரின் முன்னால் நீட்டி, “எடுங்கள், உறைப்பாக இருக்கும்” என்றார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஏறினார்.

மாமாவுக்கும் அந்தப் பெண்ணின் மகளுக்கும் கல்யாணம் எப்போது நடந்தது என்று நான் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மாமாவின் சிரிப்பு நிற்க நீண்ட நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் தபால்காரப் பெண்ணை ‘மாமி’ என்றே கூப்பிட்டார். இருபத்திரண்டு வயதில், எல்லாம் விளங்கிய பிறகு, நான் தனியாக ரயில் ஏறிப் போய் அந்த மாமியின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அம்மா செய்த ரோல்ஸ் கொண்டுபோயிருந்தேன். நன்றி சொல்லத் தொடங்கியதும் அவர் கையை வீசி என்னை நிறுத்தினார். அன்றைக்குத் தனக்குக் கோபம் வந்தது பொலிஸ்மேல் இல்லை, என் பிரெஞ்சு ஆசிரியர்மேல்தான் என்றார்.

புகைக்குண்டு வெடித்த அந்த நாளில், திரும்பும் ரயிலில் அம்மா என் கையை விடவே இல்லை. தை மாதத்தில் பருவகாலம் மறுபடி தொடங்கியபோது, இனிமேல் போகவேண்டாம் என்றா. நான் அழுதேன். நாங்கள் போகாவிட்டால் அவர்கள் நிச்சயம் இறங்கிவிடுவார்கள், மாமா வரமுடியாமல் போய்விடும் என்று கத்தினேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தா. தம்பிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த அப்பா, கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“அவன் தனிய இருந்து பந்து பாக்கிறதோ? போயிட்டு வாங்கோ. நான் சின்னவனைப் பாக்கிறன்.”

பிறகு எழுந்துபோய்த் தன்னுடைய பெரிய குளிர்ச் சட்டையை எடுத்துவந்து மாமாவுக்குக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா ஒரு மெல்லிய சட்டையோடு வேலைக்குப் போனார்.

பங்குனியில் எங்கள் அணி எழும்பத் தொடங்கியது. காரணம் கோல்காப்பாளர். நீண்ட கைகளும் சோகமான முகமும் உள்ள மனிதர். அவருக்கு முழங்காலில் அடிபட்டது என்று கேள்விப்பட்டதும் நான் அம்மாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் பெயரில் அர்ச்சனை செய்யவேண்டும் என்றேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயர் எனக்குத் தெரியும். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? நான் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா முன்னுக்குப் போய் ஐயரின் காதுக்குள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் நின்றா. ஒரு வெள்ளைக்கார கோல்காப்பாளருக்காக அம்மா இவ்வளவு உருகுவா என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. பத்து நாளில் அவர் முழங்கால் சரியாகிவிட்டது.

கடைசி ஆட்டத்தன்று நிலைமை இதுதான்: வென்றால் இரண்டாம் பிரிவில் நிற்போம், வெல்லாவிட்டால் மூன்றாம் பிரிவுக்கு இறங்குவோம். வைகாசி மாதத்து நல்ல வெயில். மைதானத்தில் ஒரு கதிரை மிச்சமில்லை. மாமா எங்களுக்கு முன்னமே வந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காலடியில் ஒரு தோள்பை வைத்திருந்தார். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். அம்மா படியிலேயே நின்றுவிட்டா. பிறகு அவரைக் கட்டிப் பிடித்து அழுதா. மாமி எழுந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார். ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி ஒப்பாரி வைத்தால் விளையாடுகிறவர்களுக்கு எப்படி மனம் வரும்?

இடைவேளைக்கு முன்னால் நாங்கள் ஒரு கோல் போட்டோம். நான் மாமாவின் முதுகில் ஏறிவிட்டேன். இரண்டாம் பாதியில் எதிரணி நெருக்கிக்கொண்டே வந்தது. கோல்காப்பாளர் பாய்ந்து பாய்ந்து பிடித்தார். எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. எண்பது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, எண்பது ஆச்சு. போங்கோ.”

“இண்டைக்கு நான் கடைசிமட்டும் இருந்து பாக்கப்போறன்.”

“கிச்சினிலை தேடுவினம்!”

“தேடட்டும்.”

நான் அவரைத் தள்ளினேன். கொப்பியில் எழுதி வைத்த ராசியைச் சொன்னேன். காலில் விழாத குறை. அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எண்பத்தாறாம் நிமிடத்தில் எதிரணியின் பந்து எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முழங்காலில் பட்டுத் திரும்பி, கோல்காப்பாளரின் நீண்ட கைக்கு எட்டாமல் உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது. நாங்கள் இறங்கிவிட்டோம்.

மைதானம் முழுவதும் செத்தவீடு போல இருந்தது. மாமி சால்வையால் மூக்கைத் துடைத்தார். எங்கள் பக்கத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே மனிதர் மாமா. சனத்தோடு சேர்ந்து, அவசரமில்லாமல், வாசல் வழியாக நடந்தார். பொலிஸார் இரண்டு பக்கமும் நின்றார்கள். மாமா அவர்களில் ஒருவருக்கு மாலை வணக்கம் சொன்னார். பிறகு அடுத்தவருக்கும் சொன்னார். எங்கள் அணியைக் கொன்றுவிட்டு இப்படி வணக்கம் சொல்லிக்கொண்டு நடக்கிறாரே என்று எனக்கு அவரை வெறுப்பாக இருந்தது.

ரயில் நிலையத்தில் அவர் எங்களோடு ரயிலில் ஏறினார். தோள்பையை மேல்தட்டில் வைத்தார். வழியனுப்ப வந்தவர் பையை ஏன் மேலே வைக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மாமா எங்களோடை வாறார்” என்று அம்மா சொன்னா. அம்மாவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

“ஏலாது” என்றேன்.

“என்ன?”

“வரேலாது. அவங்கள் இறங்கிட்டாங்கள். இறங்கினால் வரமாட்டன் எண்டு மாமாதான் சொன்னவர். பந்தயமெண்டால் பந்தயம். கையிலை அடிச்சுச் சொன்னவர்.”

அம்மா கையை ஓங்கினா. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். என் முன்னால் குந்தி, என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். ஒன்பது மாதம் ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிய எனக்கு, தோற்ற பிறகும் பரிசு கிடைக்கும் என்றால் பிறகு எதற்காக அத்தனையும் என்று இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

“விடுங்கோ அக்கா. அவ சொல்லுறது சரி. நான்தானே சொன்னனான்.”

“டேய், விசரே? இவ்வளவு காலத்துக்குப் பிறகு...”

“ஒரு நாள்தானே அக்கா.”

அவர் எழுந்து பையை எடுத்தார். என் தலையைத் தடவினார். இறங்கினார். கதவு மூடியது. ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய அட்டை சட்டைப் பையில் இருக்க, எங்கள் வீட்டுக்குப் போகத் தான் ஏறலாம் என்று சட்டம் சொன்ன முதல் ரயிலிலிருந்து, ஒரு பத்து வயதுப் பிள்ளை கூடாது என்று சொன்னதற்காக அவர் இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு ரயில் நிலைய மேடையில் நின்று கைகாட்டினார். என் சொல்லுக்கு ஒரு பெரிய மனிதர் அப்படி மதிப்புக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு வாழ்க்கையில் பல இடங்களில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளாதபோது, அந்த மேடையில் நின்ற மாமாவை நினைத்துக்கொண்டுதான் மறுபடி வாயைத் திறந்திருக்கிறேன்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தா. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், “அழாதேங்கோ அம்மா, அடுத்த வருஷம் கட்டாயம் மேலை ஏறிடுவினம்” என்று ஆறுதல் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, என்னை இழுத்து நெஞ்சோடு நெருக்கினா.

சார்ப்ருக்கனில் ட்ராம் நிற்கும் இடத்தில் அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாமா காலையிலேயே அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாராம். இஸ்திரி போட்டு மினுக்கிய சட்டை போட்டிருந்தார். தம்பிக்கும் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தார். நாங்கள் இறங்கிய பிறகும் எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எங்கை?” என்றார்.

“உங்கடை மகளைக் கேளுங்கோ” என்றா அம்மா.

நான் முழுவதையும் விளக்கினேன். புள்ளிகள், முழங்கால், பந்தயம் எல்லாம். அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. தம்பி பயந்து அழுதான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். மாமா நின்றார். அதே வெள்ளைச் சட்டை, அதே தோள்பை. கையில் ஒரு கடதாசிப் பை நிறையக் குரோசான்கள்.

நான் கதவை அகலத் திறக்காமல் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

“நான் பந்தயத்துக்கு வரேல்லை, பிள்ளை. பந்தயம் நேற்றோடை முடிஞ்சுது, நான் தோத்திட்டன். இண்டைக்குச் சும்மா வந்தனான். சும்மா வரலாமோ?”

நான் யோசித்துப் பார்த்தேன். சும்மா வருவதைப் பற்றிப் பந்தயத்தில் எதுவும் சொல்லப்படவில்லை.

“ஓம், வரலாம்” என்று கதவை விட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்குப் பின்னால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மேசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

“மாமா, சும்மா வரலாமெண்டால், இவ்வளவு நாளும் ஏன் சும்மா வரேல்லை?”

 அப்பா தேத்தண்ணீரைக் கலக்கினார். மாமா குரோசானைக் கீழே வைத்தார்.

“வழி தெரியேல்லை, பிள்ளை” என்றார்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியவில்லையா என்று எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. புள்ளிகள் எழுதிய கொப்பியில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, அதில் வழியைக் கீறினேன். அவருடைய ரயில் நிலையம். ரயில். ட்ராமுக்கு மாறும் இடம். ட்ராம் போகும் ஆற்றோரம். நாங்கள் இறங்கும் தரிப்பு. வெதுப்பகம் இருக்கும் முனை. எங்கள் கட்டடம், மணியில் எங்கள் பெயர் இருக்கும் வரிசை. இனிமேல் தவறவே மாட்டார் என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அம்மா அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தா, அப்பாவும் பார்த்தார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால் எதையாவது பிழையாகக் கீறிவிட்டேனோ என்று நானும் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லையை மட்டும் நான் கீறியிருக்கவில்லை. அது வழியில் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியாது.